லீவே போடாத ரவுடி

முதல் ஆல்பம் எல்லாருக்கும் பிடித்துப்போனதுதான் தினகரனைப் பிடித்த சனி. ‘கொழுந்து’ என்று அதற்குப் பெயர். அம்மா மூக்கம்மா தேயிலை பறிப்பதையும், மழையில் அவள் நடுங்குவதையும், முதுகில் தொங்கும் பையையும் ராப்பாகப் பாடியிருந்தான். கோத்தகிரிப் பக்கத்துக் காதுகுத்துகளில் எல்லாம் அதைப் போட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டே குழந்தைகள் அடம்பிடிக்காமல் சோறு உண்டன. ராப் பாடுகிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

கோயமுத்தூரில் ஆல்பம் போடும் பெனிஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

“தம்பி, உம் பாட்டைக் கேட்டா பயம் வரோணும். எனக்குத் தூக்கமல்ல வருது! ரெண்டாவது ஆல்பம் டெரரா இல்லீன்னா கம்பெனி உன்னயக் கைகழுவிரும்.”

ஆகவே இரண்டாவது ஆல்பத்துக்குக் ‘கவ்வாத்து’ என்று பெயர் வைத்தான். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு மொட்டையாக வெட்டித் தள்ளுவதுதான் கவ்வாத்து. கவ்வாத்துக் கத்தியைத் தோளில் சாய்த்து, கழுத்தில் கவரிங் சங்கிலி போட்டு, நரநரவென்று பல்லைக் கடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். பெனிசுக்குத் திருப்தியில்லை.

“உம்மேல கேஸ் கீஸ் ஏதாச்சும் இருக்குதா?”

பக்கத்துத் தோட்டத்தில் பிளம்ஸ் திருடியதைத் தவிர அவன் வாழ்க்கையில் குற்றம் என்று ஒன்றுமில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “போன வருசம் ஆறு மாசம் உள்ள இருந்தனுங்க” என்றான். அந்த ஆறு மாதமும் அவன் உள்ளே இருந்தது உண்மைதான். டீ ஃபேக்டரிக்கு உள்ளே, தேயிலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கும் அதே வேலைதான்.

அடுத்த வாரம் கட்டபெட்டு ஜங்ஷனில் வரிசையாகப் போஸ்டர். ‘ஆறு மாதச் சிறை! சீறி வருகிறான்! வெள்ளி முதல்!’

ஊர் தன்னைக் கண்டு நடுங்கும் என்று தினகரன் காத்திருந்தான். ஊர் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டியது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். யாரும் போஸ்டரைப் பற்றி அவனிடம் பேசவே இல்லை. வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கலைமதி வந்து விஷயத்தைச் சொன்னாள்.

“உம்பேரைக் கெடுத்துப் போஸ்டர் ஒட்டுனவன சும்மா விடக்கூடாதுன்னு, நம்ம லைன் வீடுகள்ல நாப்பது பேரு லீவு போட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. உனக்குத் தெரியாதா?”

அவன் ஸ்டேஷனுக்கு ஓடிச் சேர்ந்தபோது கூட்டம் வாசல்வரை நின்றது. முன்னால் மூக்கம்மா, பண்டிகைச் சேலையில். கையில், ஆறு மாதம் லீவே போடாததற்காக அவனுக்கு ஃபேக்டரியில் பரிசு கொடுத்த ஹாட்பாக்ஸ். பக்கத்தில் ஃபேக்டரி கிளார்க் நல்லசாமி, வருகைப் பதிவேட்டை எஸ்.ஐ. ரஞ்சனியின் மேசைமேல் விரித்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க மேடம், சித்திரை ஒண்ணாந்தேதிகூட டூட்டிக்கு வந்திருக்கானுங்க. ஜெயில்ல இருந்துட்டு எங்க டிரையருக்கு வெறகு போட முடியுங்களா?”

“பரிசைப் பாருங்க மேடம்” என்று மூக்கம்மா ஹாட்பாக்ஸைத் திறந்தே காட்டினாள், உள்ளே சாட்சி இருப்பது மாதிரி.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு பெனிசுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

“ஐயோ மேடம், நானா கதை கட்டல. அவனேதான் சொன்னான்!”

நாற்பது தலைகளும் தினகரன் பக்கம் திரும்பின.

“நீயே சொன்னியா? பொய்யச் சொல்லி ஊரையே ஏமாத்தியிருக்கே. உம்மேலதான் கேஸ் போடணும்” என்றாள் எஸ்.ஐ.

கேஸ்! தினகரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போன் இன்னும் அணையவில்லை. “போடுங்க மேடம், தாராளமாப் போடுங்க!” என்று பெனிஸ் அதற்குள்ளிருந்து கூவினான். நிமிர்ந்து நின்று ‘போட்டுக்கங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டாவது ஆல்பம் பிழைத்துக்கொள்ளும். நெஞ்சைக்கூட நிமிர்த்திவிட்டான்.

“வேண்டாமுங்க மேடம்” என்றாள் மூக்கம்மா. “உள்ள வெச்சீங்கன்னா அவனுக்கு லீவு விழுந்திருமுங்க. எம்பையனுக்குன்னு இருக்கிற ஒரே நல்ல பேரு அதுதானுங்க.”

நல்லசாமி பதிவேட்டை மூடினார். அவர் குரலில் கோபம் கூட இல்லை.

“ஏன்டா, நாலாப்புப் படிக்கறப்ப காச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தியே, ஞாபகம் இருக்குதா? அதுக்கப்புறம் உங்கம்மா இன்னிக்குத்தாண்டா லீவு போட்டிருக்கா.”

தினகரன் நிமிர்த்திய நெஞ்சை இறக்கினான். வெட்கமாக இருந்தது. அதைவிட, அம்மாவின் கையிலிருந்து அந்த ஹாட்பாக்ஸை வாங்கிக் கீழே வைத்துவிட வேண்டும் போல இருந்தது.

“நான் ஜெயிலுக்குப் போகவே இல்லீங்க மேடம்” என்றான். “பவுசுக்குச் சொன்ன பொய்யிங்க.”

“ஆல்பம் கேன்சல்!” என்றது போன். அத்தோடு அணைந்தது.

எஸ்.ஐ. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினாள். போஸ்டரைக் கிழிக்கணும், இல்லை திருத்தணும், இன்றைக்கே என்றாள். நல்ல காகிதத்தைக் கிழிக்க மூக்கம்மாவுக்கு மனசு வரவில்லை. நாற்பது பேரும் எப்படியும் லீவில்தானே இருக்கிறார்கள்! திருத்தவே கிளம்பினார்கள். நல்லசாமி தன் குண்டு குண்டான கையெழுத்தில் துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். தினகரன் பசைவாளியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் முழுக்க அலைந்து, பல்லைக் கடிக்கும் தன் முகத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக ஒட்டினான்.

‘மேற்படி நபர் சிறை சென்றதில்லை. ஆறு மாதம் லீவே போடாதவர். இப்படிக்கு, லைன் மக்கள்.’

கடைசிப் போஸ்டரில் ஒட்டும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பசைக் குச்சியால் வாளியில் மெல்லத் தட்டினான். “லீவே போடாதவன்டா... தேதியக் கிழிச்சு ஊதுறவன்டா...” அடுத்த வரி நாக்கு நுனியில் நின்றது. இத்தனை நாள் பல்லைக் கடித்தும் வராத வரி.

அதற்குள் ஃபேக்டரியில் இரண்டு மணி ஷிப்டுக்குச் சைரன் ஊதியது.

“ஓடுடா சாமி, லீவு விழுந்திரப் போகுது!” என்று கத்தினாள் மூக்கம்மா.

வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கவரிங் சங்கிலி குலுங்க, ரவுடி ஓடினான்.