மெழுகில் எடுத்து வைத்த துண்டு

1

குடல் புற்றுநோய் முற்றும்போது எந்த மரபணு அதிகமாக வேலை செய்கிறது, எது அடங்கிவிடுகிறது என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பத்தி முடிவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அந்த வாரம்தான் கோட்டைப்பட்டினத்து பாசிலா தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். கட்டுரை அத்தோடு காலி. அவருக்கு என் முதல் நன்றி.

2

'கோட்டைப்பட்டினத்துக் கரையில் அன்று அலைகள்...' (அடித்துவிட்டேன். நோயாளி இருக்கிற வீட்டில் யார் அலை பார்க்கிறார்கள்?)

மறுபடியும்: பாசிலாவின் கணவர் ராஜா முகமது மீன் வெட்டி விற்கிறவர். பெருங்குடலில் கட்டி. திருச்சியில் ஆபரேஷன் செய்து கட்டியோடு ஒரு சாண் குடலையும் எடுத்தார்கள். உடம்பிலிருந்து பிரிந்ததையும் மண்ணில் அடக்குவது அவர்கள் வழக்கம். ஆகவே சோதனை முடிந்ததும் பாசிலா அதைக் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்ய வைத்தார். இந்தத் தொடக்கம் பரவாயில்லை.

3

சில வாரம் கழித்து, திருச்சி ஆஸ்பத்திரி டாக்டர் கார்த்திகா இருவரையும் வரவழைத்துச் சொன்னார்.

"எடுத்த கட்டியில எந்த ஜீன் எவ்வளவு வேலை செஞ்சிருக்குன்னு பாத்தா, நோய் திரும்பி வர்ற வாய்ப்பு ஓரளவு தெரியும். கொறைவுன்னா கீமோ வேணாங்க."

கீமோ போட்டால் விரல் மரத்துப்போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ராஜா முகமதுவுடையதோ கத்தி பிடிக்கிற கை. பாசிலா பதறிக் கேட்டார்.

"அதத்தான் மண்ணுக்குள்ள வச்சுட்டேனே டாக்டரம்மா! தோண்டவும் கூடாதே, நா என்ன செய்வேன்?"

(இங்கே அவரைக் கொஞ்சம் அழவைத்தேன். "நா எங்க அழுதேன்? என்ன வழின்னுல்ல கேட்டேன்" என்றார் பாசிலா. அழுகையை எடுத்துவிட்டேன்.)

"பதறாதீங்க. லேப்ல ஒரு துண்ட மெழுகுல பதிச்சு எடுத்து வச்சிருக்காங்க. அது போதும்."

பதித்தவர் யாரென்று பாசிலாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, கற்பனையாக ஒரு பெயர் வைக்கவும் மனம் வரவில்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காக பாசிலா ஒவ்வொரு தொழுகையிலும் துவா கேட்கிறார். நினைக்கும்போது எனக்கும் நெஞ்சு நிறைகிறது.

4

திரும்பும் பஸ்ஸில் ராஜா முகமது மெல்லக் கேட்டார்.

"அப்ப நாம அடக்குனது முழுசு இல்லையா? சோதனை முடிஞ்சதும் மிச்சத்தையும் கேட்டு வாங்கிருவமா?"

"அது அங்கிட்டே இருக்கட்டுங்க. நீங்க இங்கிட்டு இருந்தாப் போதும்."

5

முடிவு ஒன்று: வாய்ப்பு குறைவு. கீமோ இல்லை. ராஜா முகமது மறுபடியும் கடையில்...

முடிவு இரண்டு: வாய்ப்பு அதிகம். கீமோ உண்டு. விரல் மரத்துப்போகிறது, கத்தியை பாசிலா வாங்கிக்கொண்டு...

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் போனேன். பாசிலா தடுத்துவிட்டார்.

"எழுதாதீங்க. முடிவு தெரியலன்னா படிக்கிறவுங்க எல்லாரும், பாவம், நல்லபடியா இருக்கணும்னு நெனப்பாங்கல்ல? அது எங்களுக்கு வேணும்."

அவர் கேட்டதை உங்களிடம் சேர்த்துவிட்டேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.