பி லைன்

டேப் கையோடு வந்துவிட்டது. நான் பிரிக்க நினைத்துப் பிரிக்கவில்லை. பெட்டியை என் வீட்டுக்காரர் நாற்காலிப் பக்கமிருந்து என் நாற்காலிப் பக்கம் ஒரு சாண் நகர்த்தலாம் என்று குனிந்தேன், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் நேராக மேடைமேல் விழுந்து, கறுப்பு டேப்பின் பசை இளகிப்போயிருந்தது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டை உதறிவிட்டுப் பார்த்தால், இத்தனை காலமும் அதற்கடியில் இருந்த இரண்டு குமிழ்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வெள்ளைக் கோடு வலது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. இன்னொன்றின் கோடு இடது பக்கம் படுத்துக்கிடந்தது. படுத்துக்கிடந்தது என்னுடையது.

இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரைச் செங்கல் அளவு இரும்புப் பெட்டி, லைன் செலக்டர் என்று பெயர். காலால் ஒரு மிதி மிதித்தால் ஏ லைன், இன்னொரு மிதிக்கு பி லைன். மற்ற கிதார்காரர்கள் இதை ஒரே கிதாருக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரு லைனில் கரகரவென்று டிஸ்டார்ஷன், இன்னொரு லைனில் எக்கோ, பாட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு மட்டும் அது குடும்பப் பெட்டி. ஓட்டலில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையர்தான் வைக்க விட்டார்கள். அதனால் என் வீட்டுக்காரரின் கிதாரும் டிஸ்டார்ஷனும் ஏ லைனில். என் கிதாரும் எக்கோவும் பி லைனில். எந்த லைன் திறந்திருக்கிறதோ அந்த லைன்காரரின் வாசிப்பு கூடத்துக்குக் கேட்கும். மற்றவர் விரலை அசைத்துக்கொண்டிருக்கலாம், ஊமை. பெட்டி எப்போதும் அவர் காலடியில். வீட்டில் வேறு எதுதான் அவர் காலடியில் இல்லை, இது மட்டும் இல்லாமலிருக்க!

குமிழ்கள் ஒவ்வொரு லைனுக்கும் எவ்வளவு சத்தம் என்று வைப்பதற்கு. நடுவில் வைத்தால் உள்ளே போன சத்தம் அப்படியே வெளியே வரும். வலது பக்கம் திருப்பினால் கூடும், இடது பக்கம் திருப்பினால் குறையும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். "ஷூ பட்டுத் திரும்பிடும்" என்று சொல்லி, பெட்டி வாங்கிவந்த அன்றே டேப் ஒட்டியவர் அவர். எவ்வளவு முன்யோசனை என்று அன்றைக்கு நான் மெச்சிக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஏனென்றால் என் வாசிப்புக்கு ஒரு பெயர் உண்டு. மென்மை. "மேடம் கை ரொம்ப மிருதுங்க, மயிலிறகு மாதிரி" என்பார் மேனேஜர். பரிமாறுகிறவர்கள்கூட, "சார் வாசிச்சா தட்டு அதிருது, மேடம் வாசிச்சா தூக்கம் வருது" என்று கேலி செய்வார்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கும்போது சரியாக இருக்கும் கை, இந்த மேடையில் ஏறியதும் சோர்ந்துபோகும். மேடைப் பயம் என்றார் அவர். நானும் நம்பினேன். தடித்த கம்பிகள் மாற்றினேன், கம்பியை மீட்டுவதற்குக் கட்டியான பிளெக்ட்ரம் வாங்கினேன், அறைந்து அறைந்து வாசித்தேன். மணிக்கட்டு வீங்கியது. அவரே சாயந்திரங்களில் தைலம் தேய்த்துவிடுவார். "இவ்வளவு அழுத்தாதே, உன் கைக்கு அது வராது, விடு" என்பார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தைலம் தேய்த்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு அந்த மென்மைக்குத்தான் தீர்ப்பு. ஓட்டலில் ஐஸ்கிரீம் கவுண்டர் வைக்கப்போகிறார்கள். அதற்காக மேடையில் பாதியை வெட்டி எடுக்கிறார்கள். மிச்சத்தில் ஒரு நாற்காலிதான் கொள்ளும். "ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்னு முதலாளி சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு பேரும் வாசிங்க, ஐஸ்கிரீம் மெஷினையும் ஓடவிட்டுக் கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்று மேனேஜர் போன வாரமே சொல்லிவிட்டார். மெஷின் வந்து இறங்கி, மேடைக்குப் பக்கத்திலேயே உர்ர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. "யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே வீட்டுக்குத்தானே வருது" என்றார் என் வீட்டுக்காரர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்குக் கிடைத்தால் அவர் வாசிப்பார், நான் வீட்டில் இருப்பேன். எனக்குக் கிடைத்தால் அவர் வேறு ஓட்டல் தேடுவார், கிடைக்கவும் கிடைக்கும். எனக்கு இதுதான் ஒரே மேடை. இதை விட்டால் என் கிதார் பீரோவுக்கு மேலே போய்விடும், அப்புறம் அதை யாரும் இறக்கப்போவதில்லை. என் நாத்தனார் போனில் சொல்லியும்விட்டாள்: "அண்ணனே வாசிக்கட்டும் அண்ணி. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்ல." அவளுக்குத்தான் என் ஓய்வின்மேல் எத்தனை அக்கறை.

குமிழில் கை வைத்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தபோது அவர் மேனேஜர் அறையிலிருந்து வந்தார். முகத்தில் ஒரு வருத்தம், நன்றாக இஸ்திரி போட்ட வருத்தம்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றார். "உன்னையே வச்சுக்கச் சொன்னேன். கேக்கறதுக்கு முன்னாடியே, மெஷின் சத்தத்துல மேடம் வாசிக்கறது காதுல விழாதேங்கறாரு. நான் என்ன பண்றது?"

நான் டேப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்வை டேப்பிலிருந்து பெட்டிக்குப் போயிற்று. அங்கிருந்து கூடத்துக்குப் போய், யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

"இதை எதுக்குப் பிரிச்சே?"

"என்னோடதை யாரு குறைச்சு வச்சது?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். இத்தனை வருஷமா மெதுவாத்தானே பேச வச்சிருக்கீங்க. யாரு குறைச்சது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கிதாரை மடியில் எடுத்துக்கொண்டார். பேச்சைத் தொடங்குமுன் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். "உன் சவுண்டு குத்தும். உனக்கே தெரியாது. சாப்பிடறவங்க பேச முடியாது. ஒரு துளி குறைச்சு வச்சேன், உன் நல்லதுக்குத்தான். மென்மை மென்மைங்கறாங்களே, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு? யோசிச்சுப் பாரு."

"எப்போலேர்ந்து?"

"பொட்டி வாங்கினதுலேர்ந்துதான்" என்றார், பால்காரன் எப்போதிலிருந்து வருகிறான் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கிதாரைப் பிடுங்கி மெஷினுக்குள் போட்டு ஓடவிடலாமா என்று வந்தது. நான் என் குமிழைத் திருப்பினேன். நடுவைத் தாண்டி, அவர் கோடு எங்கே சாய்ந்திருந்ததோ அதே இடம் வரைக்கும். அவர் கை குறுக்கே வந்து என் விரல்களைப் பிடித்தது.

"எல்லாம் கணக்காச் செட் பண்ணினது. கலைக்காதே."

"கையை எடு."

எடுங்க என்றுதான் என் வாய்க்குப் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க, எடுங்க. அந்த 'ங்க' இன்று எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி எடுத்தார்.

சாப்பிட ஆட்கள் வந்து நிறைந்தார்கள். அவர் முதலில் தொடங்கினார். தட்டுகள் அதிர்ந்தன. பெட்டியை அதற்குள் என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தேன், ஆனாலும் இரண்டாவது பாட்டுக்குள் அவர் குதிகாலால் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகம் கூடத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, கீழே கால் திருடுகிறது. ஆளே அப்படித்தான். நான் காலை நீட்டி மிதித்தேன். ஏ லைன் பட்டென்று செத்தது. என் கை வழக்கம்போல ஓங்கி இறங்கியது.

கூடமே திரும்பிப் பார்த்தது. ஓர் அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். எக்கோ வேறு சேர்ந்துகொண்டு, நான் அறைந்த ஒவ்வொரு அறையையும் கண்ணாடிச் சுவரில் திரும்பத் திரும்ப அறைந்தது. என்னுடைய சத்தமா இது? முதல் நொடியில் சந்தோஷம்தான், வெட்கமில்லாத சந்தோஷம். அடுத்த நொடியில் காதில் விழுந்தது: நாராசம். கேட்காத சத்தத்தைக் கேட்க வைக்க வருஷக்கணக்காக அடித்துப் பழகிய கை, மெல்லத் தொடுவது எப்படி என்பதையே மறந்துவிட்டிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "பாத்தியா, குத்துதுன்னேனே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலுக்காகவே அவரைக் கொன்றிருக்கலாம்.

மிதித்தார். அவர் லைன். மேனேஜர் மெஷின் பக்கத்தில் கை கட்டி நின்றவர் நிம்மதியாகத் தலையாட்டினார். நான் பிளெக்ட்ரத்தைச் சட்டைப் பையில் போட்டேன். கட்டைவிரல் சதையால் மேல்கம்பியைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். ஊமைதான், ஆனால் விரலுக்கு அந்தத் தொடுதல் தெரிந்தது. எத்தனை கொஞ்சமாகத் தொட்டால் போதும் என்று விரல் தானாகத் தேடிற்று. பிறகு மிதித்தேன்.

இந்த முறை வந்தது வேறு. அறையவில்லை, தடவத்தான் செய்தேன். மெஷின் உறுமலுக்கு மேலே, யாரையும் தள்ளாமல், அது போய்க் கடைசி மேஜை வரை உட்கார்ந்தது. காதைப் பொத்திய அம்மாள் கையை இறக்கிக்கொண்டாள். மென்மை என்று இத்தனை நாள் சொன்னார்களே, அது என்னவென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

அதை என் வீட்டுக்காரரும் பார்த்தார். மிதித்தார். என் சுரம் பாதியில் அறுந்து, அவருடைய கரகரப்பு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. நான் மிதித்தேன். அவர் மிதித்தார். ஒரு வாக்கியத்தை நான் தொடங்குவதும் அவர் முடிப்பதும், அவர் தொடங்குவதும் நான் வாயை அடைப்பதும். வீட்டில் நடப்பதுதான், இங்கே கரண்டில் நடந்தது. ஜன்னலோர மேஜையில் யாரோ கைதட்டினார்கள். கேள்வியும் பதிலுமாக, ஒத்திகை பார்த்து வைத்த விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "ஜோடிப் பொருத்தம் பாரேன்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் அந்த மேஜையைப் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னார். சொல்லிக்கொண்டே மிதித்தார்.

நானும் மிதித்தேன். ஆனால் இந்தத் தடவை காலை எடுக்கவில்லை. பெட்டியின் மிதிபெடல் அமுங்கியே இருந்தால் அதை இன்னொரு முறை அமுக்க முடியாது. இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, அந்த நேரத்து ஆத்திரத்தில் கால் கண்டுபிடித்தது. அவர் ஷூ வந்து தேடியது. பெட்டியில் இடமில்லை. என் செருப்பின் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தது. பிறகு என் பாதத்தின் மேலேயே ஏறி, முழு எடையையும் வைத்து அமுக்கியது. அமுக்கட்டும். அவர் அமுக்க அமுக்க என் லைன் இன்னும் கெட்டியாகத் திறந்திருந்தது. வலி முழங்கால் வரை வந்தது. விரலுக்கு வரவில்லை, அதை வரவிடவில்லை.

மேனேஜர் மேஜைகளுக்கு நடுவே மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். யாரைப் பார்த்து வருகிறார் என்று சொல்ல முடியவில்லை, வெயில் அவர் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. என் வீட்டுக்காரர் கூடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தார். தலையை ஆட்டினார், கண்ணை மூடினார், கை கம்பிமேல் பறந்தது. ஆம்ப்ளிஃபையரில் அதில் ஒன்றுமே வரவில்லை. கரண்ட் இல்லாத கம்பியில் நகம் உரசும் சின்னச் சத்தம், எலி கொறிப்பதைப் போல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. பாட்டு முடியும் இடம் வந்தது. முடித்தால் காலை எடுக்க வேண்டும். நான் முதல் வரிக்குத் திரும்பினேன்.