அகவணக்கத்தில் ஒரு வரி

1

இந்தக் கதை ஊற்றுப்போல உள்ளிருந்து பொங்கி வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், வாசகரே. பொய் சொல்லக்கூடாது. டுசல்டோர்ஃப் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை வேண்டும் என்று மலராசிரியர் விஜயரத்தினம் தொலைபேசியில் கேட்டார். நிபந்தனைகளையும் அதே மூச்சில் சொன்னார்.

"அண்ணை, மூண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாது. அரசியல் வேண்டாம். சோகம் கொஞ்சம் இருக்கலாம், சனம் மலரை மூடிவைக்கிற அளவுக்கு வேண்டாம். மற்றது, பின்னட்டையில ஜப்பான் கொம்பனி விளம்பரம் வருது. அதையும் மனசில வைச்சுக்கொண்டு எழுதுங்கோ."

மனசில் வைத்துக்கொண்டேன். அங்கேதான் வந்தது வினை. போன ஆண்டுவிழாவுக்குப் பிரதம விருந்தினராக அந்தக் கொம்பனியின் மேலாளர் வந்திருந்தார். இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்த எல்லோரும் எழுந்து தலைகுனிந்தபோது, அவர் எங்கள் எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்து நின்றார். (நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்கிறீர்களா? அகவணக்கத்தில் கண்ணை மூடுகிற பழக்கம் எழுத்தாளர்களுக்குக் கிடையாது.) இந்த மனிதர் யாருக்காகக் குனிகிறோம் என்று நினைத்துக் குனிகிறார் என்று யோசித்தேன். அவ்வளவுதான் நடந்தது. மிச்சமெல்லாம் நானே கட்டிவிட்டது.

கொம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். திருகாணி செய்கிற இயந்திரங்களைச் செய்கிற கொம்பனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் மலாயாத் தோட்டங்களுக்குள் புகுந்து, ரப்பர் பால்வெட்டிக் கொண்டிருந்த தமிழர்களை லொறிகளில் ஏற்றி, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போடக்—"

விஜயரத்தினம் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு இருமினார். "அண்ணை, நாட்டின்ர பேரைப் போடாமல் எழுத ஏலாதோ?"

ஏலும். இதோ இரண்டாவது தொடக்கம்:

"ஒரு தீவு நாடு. போர்க்காலத்தில் அதன் இராணுவம் செய்ததைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார் அந்நாட்டில் ஒருவர். நடந்தது, ஆனால் செத்தவர்கள் இத்தனை பேர் இல்லை என்கிறார் இன்னொருவர். பக்கத்து நாடுகளோ, காலையில் கண்டன அறிக்கை விட்டுவிட்டு மத்தியானம் அதனோடு வியாபார ஒப்பந்தம் போடுகின்றன."

 மறுமுனையில் விஜயரத்தினத்தின் குரல் தழுதழுத்தது. "அண்ணை, அருமை. எங்கட நாட்டை அப்பிடியே உரிச்சு வைச்சிட்டியள். முதல் பக்கத்திலயே போடுவம்."

அவர் நினைத்த தீவு வேறு. நான் திருத்தவில்லை. முதல் பக்கம் கிடைக்கிறபோது எந்த எழுத்தாளன் திருத்துவான்?

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதை ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன் என்பதை மறக்கக்கூடாது. குற்றத்தை ஒத்துக்கொள்வதில் இவர்களை அடிக்க ஆளில்லை. கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பித்தளையில் பொறித்து நடைபாதையிலேயே பதித்திருக்கிறார்கள். அதை நமக்குக் காட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தால் நம் ஆட்களுக்கு வருமே, அதே பெருமை. அதே போரில் இவர்களிடம் மிதிபட்டு, இன்னும் இழப்பீடு கேட்டுக்கொண்டிருக்கிற கிரேக்கக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும். அதை எழுதப் பின்னட்டையில் விளம்பரம் இல்லாத மலர் ஒன்று வேண்டும்.]

3

இனிக் கதாநாயகி. பெயர் சுபானி. இங்கேயே பிறந்தவள். தமிழும் ஜேர்மனும் தடக்காமல் பேசுவாள் என்பதால் ஆண்டுவிழா மேடையில் ஒலிவாங்கி எப்போதும் அவள் கையில்தான். அந்தத் திருகாணி இயந்திரக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் ப்ரோபெற்சைட் முடியாதவள். அதாவது, வேலை நிரந்தரமாகுமுன் அவளைச் சோதித்துப் பார்க்கிற காலம். இதற்குள் காரணம் ஒன்றும் சொல்லாமலே "போய்வா மகளே" என்று அனுப்பிவிடலாம். மேலாளர் ஹயாஷியை விருந்தினராக அழைத்ததும் அவள்தான். அழைக்கச் சொன்னது பள்ளிக்கூடத் தலைவர் ஆனந்தராசா.

முதல் வரைவில் சுபானியை வீராங்கனை ஆக்கினேன். கண் சிவந்தாள், மேசையில் அடித்தாள். எனக்கே அலுத்துப்போய்விட்டது. அடுத்த வரைவில் அவளைப் பயப்பட வைத்தேன். உடனே மூச்சுவிடத் தொடங்கினாள். இதற்கு முந்தைய வேலையும் இதே சோதனைக் காலத்தில்தான் கைநழுவியது. வீடு மாற வேண்டும். வேலை நிரந்தரம் என்று கடிதம் காட்டாதவருக்கு இந்த நகரத்தில் நாய்க்கூடுகூட வாடகைக்குக் கிடைக்காது. ஆகவே அவளுக்குப் பயம். நியாயமான பயம்.

அப்படிப்பட்டவளிடம் மீரா வந்து கேட்டாள். மீரா மலேசியத் தமிழ்ப் பெண், பேராக் பக்கம். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவருகிறவள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து, வாகனத் தரிப்பிடத்தில் நின்று கேட்டாள்.

"சுபா, அகவணக்கத்துல நீங்க எல்லாருக்கும் சொல்றீங்க. போர்ல செத்தவங்க, கடல்ல செத்தவங்க, வர்ற வழியில செத்தவங்க. எங்க ஆளுங்களுக்கும் ஒரு வரி சொல்லுங்களேன்."

"எந்த ஆக்கள்?"

"ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதை போடப் போனவங்க. எங்க தாத்தாவோட அண்ணனுங்க ரெண்டு பேரு. தோட்டத்துல நல்ல சம்பளம்னு சொல்லித்தான் ஏத்துனாங்களாம். திரும்பி வரல. எந்த இடத்துல போட்டாங்கன்னுகூடத் தெரியாது. அங்க செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கெல்லாம் அழகா கல்லறை இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு வரிகூட இல்ல."

சுபானிக்கு இந்தக் கதையே தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வகுப்பும் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். சோழர்கள் கடல் கடந்து மலாயாவிலிருந்த கடாரத்தை வென்ற பாடம் தலைகீழாகத் தெரியும். அதே கடாரத்திலிருந்து லொறியில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றி ஒருவரும் சொல்லித்தரவில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. அந்த வெட்கத்தில்தான், யோசியாமல், "ஓம், சொல்லுறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

4

வாக்குக் கொடுத்தவள் நேரே மேடையேறிச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் ஆட்களிடம் அப்படி ஒன்றும் நடக்காது. எதற்கும் ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

"பிள்ளை, நல்ல விசயம்தான்," என்று தொடங்கினார் ஆனந்தராசா. அவர் இப்படித் தொடங்கினால் நல்ல விசயத்துக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். "ஆனால் அந்த மனிசனை விளக்கேத்தக் கூப்பிட்டுப்போட்டு, அவர் நிக்கேக்கையே அவற்ர நாட்டைக் குற்றஞ் சொல்லுறது பண்பில்லை."

"குற்றஞ் சொல்லேல்ல, அங்கிள். செத்த ஆக்களுக்கு வணக்கஞ் செலுத்துறம்."

"மற்றது, அவையள் எங்கட ஆக்களும் இல்லை. இந்தியாவில இருந்து தோட்டத்துக்குப் போன சனம். மலாயாவில எங்கட ஆக்கள் வேறை. என்ர அப்பப்பா அங்க றெயில்வேயில கிளாக்கு. அந்தப் பென்சனிலதான் ஊரில எங்கட கல்வீடே எழும்பினது."

"அப்ப, தண்டவாளத்தால வந்த காசு எங்கட, தண்டவாளம் போட்டுச் செத்த சனம் எங்கட இல்லை. அப்பிடியோ, அங்கிள்?"

(இந்த வசனம் சுபானிக்கு அதிகம். நான் எழுதிக் கொடுத்தது. உண்மையில் அவள் "ம்ம்" என்றிருப்பாள். ஆனாலும் வெட்ட மனமில்லை. தவிர, அப்பப்பா வேலை பார்த்தது வேறு ரயில், இவர்கள் செத்தது வேறு ரயில் என்று வரலாறு தெரிந்த வாசகர் எழுதுவார். எழுதட்டும்.)

ஆனந்தராசாவைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். வார விடுமுறைகளை எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்தவர். மண்டபத்துக்கும் மலருக்கும் யாரிடமாவது கையேந்தி அலுத்தவர். ஆனால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சொல்லுங்கோ. தாராளமாச் சொல்லுங்கோ. ஆனால் தமிழில மட்டும். ஜேர்மனில மொழிபெயர்க்க வேண்டாம். நல்ல செந்தமிழில சொல்லிவிடுங்கோ."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நமது இனத்தின் இராசதந்திரம் இதுதான், வாசகரே. எதிரிக்கு விளங்காத மொழியில் நெஞ்சை நிமிர்த்தி நியாயம் கேட்பது. சுபானிக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. மீராவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், வேலையும் நிற்கும்.

5

அழைப்பிதழில் மாலை மூன்று மணி என்று போட்டிருந்தது. மூன்று என்றால் நாலரை என்பது நமக்குத் தெரியும். ஜப்பான்காரருக்கு அதை யார் சொல்வது?

ஹயாஷி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க வந்து நின்றார். மண்டபத்தில் சுபானியும், அடுக்கிவைத்த கதிரைகளும், பெட்டிக்குள் பொரித்தெடுத்த றோல்ஸும் மட்டும் இருந்தன. மனிதர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரை பரப்பத் தொடங்கினார்.

இவரை வில்லனாக்கத்தான் திட்டமிட்டிருந்தேன். மெல்லிய மீசை, குளிர்ந்த சிரிப்பு எல்லாம் தயாராக இருந்தது. கதிரைகளை வரிசை பிசகாமல் அடுக்கிவிட்டு, பின்னால் போய் நின்று ஒற்றைக் கண்ணால் நேர் பார்க்கிற மனிதரை எப்படி வில்லனாக்குவது? தோற்றுப்போனேன்.

"இங்கே பிள்ளைகளுக்கு வரலாறும் படிப்பிக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் பேசியது ஜேர்மன்; தமிழ் என்னுடையது.

"ஓரளவு," என்றாள் சுபானி.

"எங்கள் பள்ளிக்கூடத்தில் போர் வருகிற பாடம் கடைசியில் இருந்தது. அது வருமுன்னே ஆண்டு முடிந்துவிடும்." சிரித்தார். "ஒவ்வோர் ஆண்டும்."

சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல இடம் வராது. அவள் வாயைத் திறந்தாள். அவரோ அடுத்த கதிரையைத் தூக்கிக்கொண்டே, "திங்கட்கிழமை என் அறைக்கு வாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவேண்டும்," என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

6

விழா தொடங்கியது. ஹயாஷி சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளக்கேற்றினார். சனம் கை தட்டியது. சுபானி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"தாயக மண்ணிலே உயிர்நீத்த எம் உறவுகளுக்காகவும், அலைகடலிலே ஆழ்ந்துபோனவர்களுக்காகவும், சயாம் பர்மா ரயில் பாதையிலே ஜப்பானியப் படையினரால் வதைபட்டு மாண்டு, நடுகல்லும் இன்றிப் போன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருக்காகவும், அனைவரும் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்துவோம்."

எழுந்தார்கள். மூன்றாம் வரிசையில் மீரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் செந்தமிழில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பெரியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஹயாஷி இடுப்பு மடிய, எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தார்.

"கலக்கிப்போட்டீங்கள், பிள்ளை," என்று காதுக்குள் சொன்னார் ஆனந்தராசா. "பாம்பும் சாகேல்ல, தடியும் முறியேல்ல."

பிறகு பிரதம விருந்தினர் உரை. ஹயாஷி மேடைக்கு வந்தார். மொழிபெயர்க்கச் சுபானி பக்கத்தில் நின்றாள். அவர் பேச எழுதிக் கொண்டுவந்த தாளை விரித்தார், மடித்தார், அவள் பக்கம் திரும்பினார்.

"பேசுமுன் ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் சற்றுமுன் யாருக்காக எழுந்து நின்றோம்? தலைகுனிந்துவிட்டு, யாருக்கென்று தெரியாமல் இருப்பது மரியாதை இல்லை."

ஒலிவாங்கி திறந்திருந்தது. ஜேர்மன் மொழி. இந்தமுறை பிள்ளைகள் உட்பட மண்டபம் முழுவதற்கும் விளங்கியது.

7

முடிவுகள்.

(அ) "போர்களில் இறந்த எல்லா மனிதர்களுக்காகவும்" என்கிறாள். பொய்யும் இல்லை. ஹயாஷி மீண்டும் குனிகிறார். திங்கட்கிழமை ஒப்பந்தம். மீரா மகளுக்கு மேலங்கி போட்டுவிடுகிறாள். விஜயரத்தினத்துக்கு இதுதான் பிடித்தது. "பொசிற்றிவ்வா முடியுது, அண்ணை."

(ஆ) சொல்லிவிடுகிறாள். ஹயாஷி கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். நாம் எல்லோரும் கை தட்டுகிறோம். வேலை போவது அவளுக்குத்தானே.

(இ) சொல்லிவிடுகிறாள். ஹயாஷி கண்கலங்கி— இல்லை. மாட்டேன். அந்த மனிதரை அழவைத்து நம் மனத்தைக் கழுவிக்கொள்வது கேவலம்.

(ஈ) ஆனந்தராசா பாய்ந்து ஒலிவாங்கியைப் பறித்து, தொழிற்சாலையில் பொறுக்கிய ஜேர்மனில் "எல்லாருக்கும், எல்லாருக்கும்! இனி றோல்ஸ்!" என்—

விஜயரத்தினம் ஏதாவது ஒன்றை எடுத்து அனுப்பச் சொல்கிறார், அச்சகம் காத்திருக்கிறதாம். நான் எடுக்கமாட்டேன். எடுத்தால் என்னைக் காப்பாற்றுகிற முடிவைத்தான் எடுப்பேன். நீங்களே சொல்லுங்கள். அவள் வேலையையும் வீட்டையும் உங்களுடையதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். மீரா மூன்றாம் வரிசையில் இன்னும் உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. வருகிற மே மாதம், ஊரில் போர் முடிந்த நினைவுநாளில், நாமெல்லோரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நகரசபை வாசலில் நின்று, எங்கள் சனத்துக்கு என்ன நடந்தது என்று வாய்திறந்து சொல்லும்படி உலகத்தைக் கேட்கப் போகிறோம். இதே வாயால்தான் கேட்கப் போகிறோம்.

ஹயாஷி காத்துக்கொண்டு நிற்கிறார். சொல்லுங்கோ.