முதலில் சொன்னவர்

எங்கள் குமாசி நகரத்தில் யாராவது இறந்தால், குடும்பத் தலைவரிடம் ஸ்னாப்ஸ் சாராயப் பாட்டிலோடு நேரில் போய்ச் சொல்லும்வரை ஒருவரும் வாய்விட்டு அழக்கூடாது. இப்போதோ பாட்டில் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் மெழுகுவத்தி எரிகிறது. சாவுச் செய்தியை யார் முதலில் போடுகிறார், ஏன் போடுகிறார் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று வருஷத்தில் அறுபத்திரண்டு சாவுகளை அட்டவணையில் ஏற்றிவிட்டேன். கொஞ்சம் பொறுத்தால் என்ன என்று கண்டவர்களுக்கெல்லாம் புத்தியும் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை ஆறரைக்கு அட்டகோரா மாமா ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அப்பா விட்டுப்போன எங்களைப் படிக்கவைத்தவர் அவர். குடும்ப வீட்டு முற்றத்தில்தான் தம்பியைக் கிடத்த வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அதன் சாவி மாம்போங் ஊரில் எங்கள் குடும்பத் தலைவர் அம்போன்சா தாத்தாவிடம் இருந்தது. போன வருஷம் ஒரு சாவைப் போனில் கேள்விப்பட்டவர், நேரில் வந்து சொல்லவில்லை என்ற கோபத்தில் முற்றத்தைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். எட்டு நாள் திரும்பவில்லை.

நானும் அண்ணன் ஓபோகுவும் பாட்டிலோடு ட்ரோட்ரோவில் ஏறினோம். நிரம்பினால்தான் அந்த வேன் கிளம்பும். கடைசி ஒரு சீட்டுக்காக முக்கால் மணி நேரம் வெந்துகொண்டிருந்தபோது என் போன் துடித்தது. சர்ச் பெண்கள் குழுவில் மாமா படம், மெழுகுவத்தி, வெள்ளைப் புறா. என் பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். என்னை வெட்டிவிட்டார்கள், தோள் மட்டும் மிச்சம்.

போட்டவரைக் கூப்பிட்டேன். "அஜாபோமா அக்கா, உடனே அழிங்க!"

"அழிச்சா எனக்கு வருத்தமில்லன்னு நினைப்பாங்களே. அதுக்குள்ள நூறு பேர் அழுதுட்டாங்க தெரியுமா?"

"உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"நல்லா கேட்ட போ! நீதானம்மா. உன் அட்டவணையில ஆறு நாப்பதுக்கே ஏத்திட்டியே. உன் ஆய்வுக்கு உதவுற நாங்க நாப்பது பேரும் தினம் போன்ல பாக்கறதுதானே அது?"

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன செய்வதென்று தெரியாமல், மூன்று வருஷமாகச் செய்ததையே கை செய்திருக்கிறது. பெயர், நேரம். "முதலில் சொன்னவர்" என்ற கட்டம் மட்டும் காலி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"டாக்டர் பட்டம் வேற!" என்றான் ஓபோகு. "பேசாம வா. வாயைத் தொறந்தா இறக்கி விட்டுடுவேன்."

மாம்போங் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தாத்தாவின் மகள் வாசலிலேயே மறித்தாள். "காலையிலேர்ந்து ஊரே போன் பண்ணுது. அணைச்சுப் போட்டுட்டு அப்படியே உக்காந்திருக்காரு. ஒரு சொட்டு அழல, எங்களையும் அழ விடல."

தாத்தா நாற்காலியில் விறைப்பாக இருந்தார். நான் பாட்டிலை வைத்துக் கைகூப்பினேன். "தாத்தா, தப்பெல்லாம் என்மேலதான்..."

"என்ன தப்பு?" என்று சீறினார். "தண்ணி குடிச்சியா? எதுக்கு வந்தேன்னு நான் கேட்டேனா? அதுக்குள்ள என்ன அவசரம்?"

முறைப்படி முதலில் தண்ணீர் வந்தது. குடித்தோம். தாத்தா தொண்டையைச் செருமினார். "இங்க எல்லாரும் சுகம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அட்டகோரா மாமா போயிட்டாரு, தாத்தா."

அந்த நொடியில்தான் அவர் உடைந்தார். "ஐயோ, என் அட்டகோரா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். காலை முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் வந்தது. அதன் பிறகுதான் வீட்டுப் பெண்களும் குரலெடுத்தார்கள். நானும் அப்போதுதான் அழுதேன். அதுவரை எனக்கும் அழத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முற்றத்துச் சாவியை ஓபோகுவிடம் எறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல யார் சொன்னதுன்னு எழுதுவியாமே, அந்தக் கருமத்துல? எனக்கு நீதான் சொன்ன. அப்படியே எழுதிக்க."