டைரக்டர் ‘கட்’ சொன்ன சுவர்

வீடு கட்ட ஆரம்பிக்கும் முன்பே மாமா அதைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். காலி மனையில் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்த காலத்திலேயே, தலையில் மஞ்சள் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, புல்லுக்கு நடுவே நின்று கேமராவைப் பார்த்து, "வணக்கம் நண்பர்களே, இதுதான் எங்க ஹால்" என்றார். ஹாலில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்குப் படுக்கையறைப் பக்கம் போனது.

‘எங்கள் கனவு இல்லம்’ என்று பெயர் வைத்த அந்தச் சேனலை மாமாவின் அலுவலகத்தாரும் சொந்தக்காரர்களும் விடாமல் பார்த்தார்கள். வேறு வழியில்லை. மறுநாள் மாமா போன் போட்டு அதிலிருந்து கேள்வி கேட்பார். மனமுவந்து பார்த்த ஒரே ஆள், மாமாவின் அத்தை. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் அவர் ஒரே வரியைத்தான் எழுதுவார்: "சீக்கிரம் முடிங்க, நான் வந்து ஒரு மாசம் தங்கணும்." சொன்னால் செய்கிறவர். சொல்லாமலும் செய்கிறவர். வாடகை வீட்டுக்கு இதுவரை அவர் வந்ததெல்லாம் பெட்டியோடு, முன்னறிவிப்பு இல்லாமல்.

படம் பிடிக்கிற பொறுப்பு மாமாவின் மச்சான், அதாவது அக்காவின் தம்பி தலையில் விழுந்தது. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவன். அதற்குமுன் அவன் எடுத்திருந்த ஒரே படம், ஒரு நாற்காலியைப் பற்றிய குறும்படம். கடைசிவரை அந்த நாற்காலி ஒன்றும் செய்யாது. பார்த்த யாருக்கும் புரியவில்லை என்றதும், தன் திறமையில் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. "மாப்ள, இந்த வீட்டுக்கு நீதான் டைரக்டர்" என்று மாமா பட்டம் கட்டினார். அன்று முதல் தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவன் டைரக்டர்தான்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டடம் கட்டுவதில் கெட்டிக்காரர். ஆரம்பத்தில் கேமராவைக் கண்டால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பும்போது மீசைக்குச் சாயம் ஏறியிருந்தது. ஒரு செங்கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மெதுவாக இடது கன்னத்தைத் திருப்புவார். "நமக்கு இந்தப் பக்கம்தான் நல்லா விழும் டைரக்டர்" என்பார்.

படத்துக்காக வீடே வளைந்து கொடுத்தது. சாயங்கால வெளிச்சம் மாமாவின் முகத்தில் விழவேண்டும் என்பதால் வாசல் ஒரு முழம் நகர்ந்தது. அவர் மாடியிலிருந்து இறங்கி வருவது நேர்முகமாகத் தெரியவேண்டும் என்பதால் படிக்கட்டு திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கடைசியில் மாமா ஒரே போடாகப் போட்டார்: "மேஸ்திரி, டைரக்டர் என்ன சொல்றானோ அதச் செய்ங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க." பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் அஸ்திவாரம்.

இத்தனை அமர்க்களத்திலும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். அதில் தெருமுனை தெரியவேண்டும்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வாடகை வீட்டில் தொட்டிக்கு எதிரே இருந்தது வெறும் சுவர். ஈரம் ஊறி அதில் ஒரு கறை படர்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பாத்திரம் தேய்த்தாள். "அது எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி ஆயிடுச்சுடா" என்று ஒருமுறை தம்பியிடம் சொன்னாள். "ஒரு நாள் பாத்தா யானை. ஒரு நாள் பாத்தா உங்க மாமா."

"ஜன்னல்ல தெருமுனை எதுக்குக்கா?"

"யாரு வர்றாங்கன்னு பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியணும். நான் வீட்ல இருக்கேனா இல்லையான்னு அப்பத்தான முடிவு பண்ண முடியும்?"

அக்கா கணக்கு டீச்சர். குரலை உயர்த்தமாட்டாள். வகுப்பில் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள். அவ்வளவுதான், வகுப்பு அடங்கிவிடும். அப்படிப்பட்டவள் ஒரு ஜன்னல் கேட்டால், கொடுத்துவிடுவதுதான் உடம்புக்கு நல்லது.

சமையலறைச் சுவர் எழும்பிய அன்று டைரக்டர் ஒரு பெரிய திட்டத்தோடு வந்திருந்தான். தரையிலிருந்து ஜன்னல் மட்டம் வரை, வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது. போனை முக்காலியில் மாட்டினான். தாளத்தோடு எடுத்தால்தான் படத்துக்கு உயிர் வரும் என்று காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டை அலறவிட்டான். மேஸ்திரியிடம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தான். கேமராவைப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். சுவர் கணுக்கால் தாண்டி, முழங்கால் தாண்டி, இடுப்புக்கு வந்தது. ஜன்னலுக்கு இடம் விடவேண்டிய மட்டம். வரைபடத்தில் ஜன்னல் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் வாசலும் படிக்கட்டும்கூட வேறு இடத்தில்தான் இருந்தன. நமக்கு எதற்கு வம்பு என்று அவர் கேமராவை நேராகப் பார்த்துக் கேட்டார்: "டைரக்டர், ஜன்னல் மட்டம் வந்துடுச்சு. விடவா, கட்டவா?"

டைரக்டர் காதில் மத்தளம் முழங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டது, மேஸ்திரி கேமராவைப் பார்த்து வாயசைத்தது மட்டும். போயிற்று, ஒரே ஓட்டம் போயிற்று.

"கட்!" என்று கத்தினான்.

மேஸ்திரிக்குச் சந்தேகம். "கட்டவா?"

"கட்! கட்! கட்!"

வீட்டுக்காரர் தரப்பில் இவ்வளவு ஆர்வத்தை மேஸ்திரி தன் அனுபவத்தில் கண்டதில்லை. கரண்டியைக் கலவையில் குத்தினார். டைரக்டர் மனம் நொந்து, போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பாராமல் கல்லூரிக்குப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தபோது சுவர் தலைக்கு மேலே நின்றது. குற்றம் சொல்ல இடமில்லாத சுவர். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் மயிரிழை பிசகவில்லை. மாமா அதன் முன்னால் நின்று தானே ஒரு வீடியோ எடுத்து ஏற்றியும் விட்டிருந்தார்.

"மாமா, ஜன்னல் எங்க?"

"எந்த ஜன்னல்?" என்று திரும்பிய மாமா, தொப்பியைக் கழற்றினார். சமையலறைக்குள் அவர் தொப்பியைக் கழற்றியது அதுதான் முதல்தடவை.

மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "டைரக்டர்தாங்க கட்டச் சொன்னாரு."

"நானா? நான் ‘கட்’னு சொன்னேன் மேஸ்திரி!"

"அதத்தான நானும் சொல்றேன். கட்டுன்னீங்க. கட்டவான்னு மறுபடி கேட்டேன். கட்டு கட்டு கட்டுன்னு மூணுதரம் கத்துனீங்க. பக்கத்து மனை வாட்ச்மேன கேட்டுப் பாருங்க."

டைரக்டர் வாயைத் திறந்தான். தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே ஒருமுறை காதில் வாங்கிப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சரி விடு மாப்ள" என்றார் மாமா. எந்தச் சங்கடத்தையும் அவருக்கு ஒரு நிமிடத்துக்குமேல் தாங்கத் தெரியாது. "வீடியோவ எல்லாரும் பாத்துட்டாங்க. என் மேனேஜரே ‘சுவர் பிரமாதம்’னு போட்டிருக்காரு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா நம்ம மரியாதை என்னாகும்? ஒண்ணு பண்ணலாம். வெளிய ஒரு கேமரா வைப்போம். இந்தச் சுவத்துல ஒரு டிவிய மாட்டுவோம். தெருமுனை இருவத்திநாலு மணிநேரமும் ஓடும். நிறுத்தி, பின்னாடி ஓட்டிக்கூடப் பாக்கலாம். ஜன்னல்ல முடியுமா?"

டைரக்டர் தொட்டி வரவேண்டிய இடத்தில் போய் நின்றான். கையை நீட்டினால் செங்கல். மூக்கில் பச்சைக் கலவை வாசனை. பூச்சு பூசி, வண்ணம் அடித்து, இரண்டு மழைக்காலம் போனால் இந்தச் சுவரிலும் ஒரு கறை வரும். அதிலும் அக்கா ஒரு யானையைக் கண்டுபிடித்துக்கொள்வாள். குறையே சொல்லமாட்டாள். அதுதான் அவனை உறுத்தியது.

திரும்பினான். நாற்காலிப் படத்தை எடுத்தவனின் முகம் திரும்ப வந்திருந்தது.

"மாமா, வீடு கட்டறத ஊர் உலகமே காட்டுது. கட்டின சுவர, சரியில்லன்னு உடைக்கறத யாராவது காட்டறாங்களா?"

மாமாவின் கை தானாகத் தொப்பியைத் தேடியது. "காட்டல..."

"யோசிச்சுப் பாருங்க. கேமராவப் பாத்து நீங்க சொல்றீங்க: ‘நண்பர்களே, ஒரு சின்னக் குறைன்னாலும் எனக்குத் தூக்கம் வராது.’ பின்னாடி தூசி கிளம்புது."

"தூசி கிளம்புமா?"

"கிளப்பிடலாம்."

"நான் ஒத்துக்கமாட்டேன்" என்று குறுக்கே விழுந்தார் மேஸ்திரி. "இதுல குறையா? நான் வச்ச கல்ல நானே எடுத்தா, நாளைக்கு எவன் என்னக் கூப்பிடுவான்?"

"இடது பக்கம்தான் மேஸ்திரி எடுக்கப் போறேன். கிட்டத்துல."

மேஸ்திரி யோசித்தார். மீசை யோசித்தது. "முழு முகமும் வருமா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்த அக்கா, பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் நேரே வந்துவிட்டாள்.

உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள்.

மனை அடங்கியது. மணல் சலித்துக்கொண்டிருந்தவர்கூடச் சல்லடையை நிறுத்தினார். மாமா மேஸ்திரியைக் கைகாட்டினார். மேஸ்திரி டைரக்டரைக் காட்டினார். டைரக்டருக்குக் காட்ட ஆளில்லை.

"நான் ‘கட்’னு சொன்னேன்கா. அவரு ‘கட்டு’ன்னு எடுத்துக்கிட்டாரு."

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று மாமா ஓரடி முன்னால் வந்தார். அவள் செங்கல் அடுக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மூணு வருஷம் படிக்க வச்சு, கடைசியில மேஸ்திரிக்கு ஆர்டர் போட்டிருக்கான் பாரு!" என்று மறுபடி சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிரிப்பு முடிந்திருந்தது.

"சரி. என் ஜன்னல் எங்க?"

மாமா டிவி யோசனையை எடுத்து வைத்தார். பின்னால் ஓட்டிப் பார்க்கிற வசதியையும் விளக்கினார்.

"டிவியில காத்து வருமா?"

"பக்கத்துல ஒரு ஃபேன்..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து, மாமா பாதியிலேயே ஃபேனை நிறுத்திக்கொண்டார்.

அக்கா பையைத் திறந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தாள். தொட்டி வரும் இடத்தில் நின்று, தன் கண் மட்டத்தைக் குறித்து, செங்கல்மேல் ஒரு கட்டம் போட்டாள். அளவுகோல் இல்லாமல் போட்ட கோடு, அளவுகோலுக்குப் பாடம் எடுப்பதுபோல இருந்தது. பிறகு அதற்கு வெளியே இன்னொரு பெரிய கட்டம் போட்டாள்.

"உள்ள இருக்கறது பிளான்ல இருந்தது. வெளிய இருக்கறது அபராதம்" என்றாள். "மேஸ்திரி, இந்தக் கோட்டுக்குள்ள ஒரு கல் இருக்கக் கூடாது."

"கலவ இன்னும் பச்சதான் மா, மேலருந்து அலுங்காம எடுத்துடலாம்" என்றார் மேஸ்திரி. மரியாதையைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

டைரக்டர் முக்காலியை உள்ளே விரித்தான். அக்கா தலையாட்டினாள். "வெளிய கொண்டுபோய் வை. உள்ள இருக்கற மூஞ்சிங்கள எல்லாம் பாத்தாச்சு."

தெருப்பக்கம் போய் நின்று பதிவை ஓடவிட்டான். முதலில் சுவர் மட்டும் தெரிந்தது. மேல் வரிசை போனது. மஞ்சள் தொப்பி தெரிந்தது. மாமா தூசிக்காகக் காத்திருந்தார், தூசி கிளம்பவில்லை. அடுத்த வரிசை போனது. மேஸ்திரியின் இடது கன்னம். இன்னும் இரண்டு வரிசை போனதும் அக்காவின் வகிடு, நெற்றி, பிறகு கண்கள். அவை கேமராவைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தன. காற்று உள்ளே போய் அவள் முன்நெற்றி மயிரைக் கலைத்தது. அவள் ஒதுக்கிவிடவில்லை. சும்மா நின்றாள். டைரக்டர் எடுத்ததிலேயே உருப்படியான காட்சி அதுதான். அதிலும் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

"போதுங்களா மா?" என்றார் மேஸ்திரி.

"இன்னும் ஒரு வரிசை. டேய், நீ தள்ளு. தெரு மறைக்குது."

டைரக்டர் முக்காலியோடு ஓரமாக நகர்ந்தான். அக்காவின் பார்வை தெருமுனைக்குப் போனது. போன வேகத்தில் சுருங்கியது.

"டேய், அத்தை வர்றாங்க. பெட்டியோட. நான் இங்க இல்ல."

சொல்லிவிட்டு அக்கா அப்படியே மறைந்தாள். ஜன்னலில் மிஞ்சியது ஒரு மஞ்சள் தொப்பி, ஒரு மீசை.

மாமாவின் அத்தை மூச்சு வாங்க வந்து நின்றார். "சுவரு பிரமாதம்னு உங்க மாமா காலையில போட்டாரே, நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்கடா உங்க அக்கா?"

"ஸ்கூல்ல அத்தை" என்றான் டைரக்டர், கண் இமைக்காமல்.

உள்ளே மேஸ்திரி தன் காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, ஒன்றும் பார்க்காதவர்போல, கையிலிருந்த செங்கல்லோடு இடது கன்னத்தைக் கேமராவுக்குக் காட்டினார். காட்சி முடிந்துவிட்டது. டைரக்டர் வழக்கம்போல ஒரு சொல் சொல்ல வாயெடுத்தான். மேஸ்திரியின் கையில் இருந்த செங்கல்லைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டு, விரலால் அழுத்திப் பதிவை நிறுத்தினான்.