ஆறு கிராம் சோடா

எங்கள் லேபில் புதன்கிழமைதோறும் தோல்விக்குக் கைதட்டுவார்கள்.

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியின் மூன்றாம் மாடி அது. புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இடமும் கருவியும் ஆலோசனையும் கொடுத்து வளர்த்துவிடுகிற மையம். வாசலில் ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது. நாங்கள் லேப் என்போம். பகலில் நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை இங்கே தொழில்முனைவோர் வகுப்பு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். அதைப் பயன்படுத்த ஒரு தொழில்காரரும் முன்வந்துவிட்டால், ஒரு வருடத்துக்கு அந்த மேசை, புளிப்பை அளக்கிற அந்த பி.எச். மீட்டர், அந்தக் குளிர்பெட்டி எல்லாம் நமக்கு. வராவிட்டால் சான்றிதழை வாங்கிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான். பேரையூரிலிருந்து வந்து, ஹாஸ்டல் அறையில் ஐந்து பேரோடு படுத்து எழும்புகிறவளுக்குத் தனக்கென்று ஒரு மேசை சின்ன விஷயமில்லை.

என் கூட்டாளி இம்மானுவேல். பகலில் அச்சகத்தில் வேலை செய்பவன். நாங்கள் செய்தது, இட்லி மாவு பாக்கெட்டுக்குள் ஒட்டுகிற ஒரு ஸ்டிக்கர். மாவு புதிதாக இருந்தால் நீலமாக இருக்கும். புளிக்கப் புளிக்க ஊதாவாகி, சாப்பிட ஆகாத நிலைக்கு வந்ததும் ரோஜா நிறமாகிவிடும். ஊதா முட்டைகோஸ் சாறுதான் சாயம். சாறு எடுக்க எனக்குத் தெரியும். அதைத் தாளில் பிடித்து நிறுத்துகிற பசை இம்மானுவேலுக்குத் தெரியும். சாயம் மாவுக்குள் கசியாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய சவ்வு ஒட்டச் சொன்னது பக்கத்து மேசையில் காளான் வளர்க்கிற அக்கா. வெயில் பட்டு நிறம் வெளுப்பதைக் கண்டுபிடித்தது எதிர் மேசையில் சோலார் விளக்கு செய்கிற பையன்கள். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் பத்து வருடமானாலும் எனக்கு இது வந்திருக்காது. நாலு பேர் நாலு மேசையிலிருந்து கை நீட்டியதால் மூன்று மாதத்தில் வந்தது.

லேபின் மேலாளர் சூரியபிரகாஷ் சார், பெங்களூரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். "இங்க ஐடியா ஒருத்தருக்குச் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம்" என்பார். அவர் ஏற்படுத்தியதுதான் தோல்விச் சுவர். அந்த வாரம் தங்கள் பொருள் எங்கே தோற்றது என்பதை ஒவ்வொரு குழுவும் புதன்கிழமை சுவரில் எழுதி, பெயர் போட வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டுக் கைதட்டுவார்கள். பிறகு யாருக்காவது வழி தெரிந்தால் சொல்வார்கள்.

பதினோராவது வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புளித்த மாவில் சமையல் சோடா போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. போட்டால் ஸ்டிக்கர் என்ன சொல்லும்? சோதித்தேன். ஒரு முறை சோதித்தால் என் கண்ணையே நான் நம்புவதில்லை என்பதால் ஏழு முறை சோதித்தேன். ஏழு முறையும் ரோஜா நிறத்துக்குப் போயிருந்த ஸ்டிக்கர் நீலத்துக்குத் திரும்பியது. எங்கள் ஸ்டிக்கர் பொய் சொல்லும்.

"சுவத்துல சும்மா 'சோடா பிரச்சினை'ன்னு மட்டும் எழுது செல்வி, போதும்" என்றான் இம்மானுவேல்.

அவன் சொன்னபடி செய்திருக்கலாம். ஆனால் எண் இல்லாத வாக்கியம் எனக்கு அரைகுறையாகத் தோன்றும். எழுதினேன்: 'ஆறு நாள் புளித்த மாவு ஒரு கிலோ. சமையல் சோடா ஆறு கிராம். பத்து நிமிடத்தில் ஸ்டிக்கர் மறுபடி நீலம். ஏழு முறை சோதித்தது. முத்துச்செல்வி.'

அன்று கைதட்டல் நிற்க நேரமானது. சூரியபிரகாஷ் சார், "இதுதான் நேர்மை. எல்லாரும் இப்படி எழுதணும்" என்றார். எனக்குக் காது வரை சூடேறியது.

பின்வரிசையில் நின்று ஒருவர் சுவரை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முத்துக்குமரன். சமயநல்லூரில் மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிற தொழிற்கூடம் வைத்திருப்பவர். தொழிலைப் பெரிதாக்க யோசனை கேட்டு அவரும் லேபில் உறுப்பினராக இருந்தார்.

"தங்கச்சி, ஆறு கிராமுங்கறது ஸ்பூனுக்குத் தலைதட்டியா, குமிச்சா?" என்று கேட்டார்.

"ஸ்பூன் இல்லண்ணே. தராசுல நிறுத்தது."

"ஆத்தாடி, அம்புட்டுச் சுத்தமா!" என்று சிரித்தார். "நாங்கெல்லாம் கைக்கு வந்தத அள்ளிப் போட்டு, இட்லி மஞ்சளாப் போயி, கடக்காரங்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்கோம்."

நானும் சிரித்தேன். சோடா போடுவதை நிறுத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து சூரியபிரகாஷ் சார் எங்களைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். முத்துக்குமரன் அண்ணன் எங்கள் ஸ்டிக்கரைத் தன் பாக்கெட்டில் ஒட்ட முன்வந்திருக்கிறார், மேசை உறுதி என்றார். இம்மானுவேல் என் முதுகில் அடித்தான். ஒரே ஒரு காகிதம் பாக்கி. 'ஸ்டிக்கர் நீலமாக இருந்தால் மாவு புதியது' என்று ஒரு சோதனை அறிக்கை. சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

"சோடா விஷயம் இருக்கே சார்?" என்றேன்.

"அதெல்லாம் யூனிட்ல பாத்துக்குவாங்க."

நான் அந்தச் சமயநல்லூர் யூனிட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். முத்துக்குமரன் அண்ணன் தயங்கவே இல்லை. "ஞாயித்துக்கெழம வா தாயி. மறைக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?"

சொன்னபடி அவர் எதையும் மறைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

தகரக் கொட்டகை. முன்பக்கம் கிரைண்டர்கள், கழுவி சுத்தமாகத்தான் இருந்தன. பின்பக்கம் போனதும் வாடை முகத்தில் அறைந்தது. கடைகளில் விற்காமல் திரும்பி வந்த பாக்கெட்டுகள் கூடை கூடையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் செத்த தவளை வயிறு மாதிரி உப்பியிருந்தது. தங்கப்பொண்ணு என்கிற அக்கா ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளேடால் பாக்கெட்டின் மூலையை அறுத்து, உள்ளிருப்பதை ஒரு நீல டிரம்மில் பிதுக்கிக்கொண்டிருந்தார். பிதுக்கும்போது 'புஸ்' என்று காற்று வந்தது. சில பாக்கெட்டில் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் வழித்துத் தரையில் உதறினார். தரையில் காய்ந்த மாவு, அதன் மேல் ஈரமாவு, அதன் மேல் ஈ.

"இத என்னக்கா செய்வீங்க?" என்றேன்.

"இத என்ன செய்ய? நாளைக்கு அரைக்கிற மாவுல கலக்குறதுதான். பாதிக்குப் பாதி."

"புளிக்காதா?"

"முன்னாடி புளிக்கும். இப்பத்தான் மொதலாளி தராசு வாங்கிப் போட்டுட்டாரே." அவர் தலையால் காட்டிய இடத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தது. பக்கத்தில் சோடா மூட்டை. சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, போனில் எடுத்த படத்தின் அச்சு. என் கையெழுத்து. கீழே என் பெயரும் இருந்தது.

"நீங்க வீட்டுக்கு இந்த மாவுதான் கொண்டுபோவீங்களா?"

தங்கப்பொண்ணு அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கென்ன கிறுக்கா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாக்கெட்டை அறுத்தார்.

பிறகு அவர் சோடாவை நிறுத்துப் போட்டதும் டிரம் பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து அவர் காலடிக்கு வந்தது. நான் தினமும் முப்பது பேர் ரத்தத்தைக் கையாள்கிறவள். எந்த வாடைக்கும் முகம் சுளித்ததில்லை. வெளியே ஓடிவந்து வேலியோரம் வாந்தியெடுத்தேன்.

முத்துக்குமரன் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சூட்டு ஒடம்பு போல" என்றார்.

"அண்ணே, இது அழுகுன மாவு. அத மறைக்கிறதுக்கு என் ஸ்டிக்கரா?"

"அழுகலம்மா, புளிச்சிருக்கு. உங்காத்தா புளிச்ச மாவுல சோடா போட்டதே இல்லையா?"

போட்டதுண்டு. அதற்குப் பதில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. அம்மா போட்டால் அது எத்தனை நாள் மாவு என்று அம்மாவுக்குத் தெரியும், சாப்பிடுகிற எங்களுக்கும் தெரியும். நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் வருகின்றன.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. வாடையைக் கண்டு பயந்துவிட்டேனோ? மறுநாள் மூன்று கடைகளில் அவருடைய பாக்கெட் வாங்கி, லேபில் வைத்துச் சோதித்தேன். மூன்றிலும் கொஞ்சம் புளித்தண்ணீர் ஊற்றியதும் மாவு நுரைத்துப் பொங்கியது. சோடா. மீதியை நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கண்ணாடித் தட்டில் போட்டேன். ஐந்து நாள் கழித்துத் தட்டைத் திறந்தபோது, எண்ண முடியாத அளவுக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். அடுத்த புதன்கிழமை எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு எழுதி சூரியபிரகாஷ் சாரிடம் கொடுத்தேன்.

அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். "செல்வி, இத நீ வேற கண்ணுல பாக்கணும். வீணாப்போற பொருள மறுபடி சந்தைக்குக் கொண்டுவர்றது. வேஸ்ட்ல இருந்து வேல்யூ. நீ கண்டுபிடிச்சதும் அவரோட தேவையும் ஒரே சுவத்துக்கு முன்னால சந்திச்சிருக்கு. இதுக்குத்தான் இந்த லேபே இருக்கு."

"சாப்புடுறவங்களுக்குத் தெரியாதே சார்."

"எல்லாத்தையும் சொல்லித்தான் விக்கிறாங்களா? வருசக் கடைசில எத்தன பொருள் சந்தைக்குப் போச்சுன்னு மேல கேப்பாங்க. உன்னுதுதான் மொதப் பொருள்."

அறிக்கையை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்து, 'சோடா சேர்த்த மாவில் இந்த ஸ்டிக்கர் தவறாகக் காட்டும்' என்று கீழே ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். தைரியத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பொய்யை எழுதினால் அன்றிரவு, தினமும் எழுதுகிற டைரியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் அந்தத் தாளை மடித்து குப்பைக்கூடையில் போட்டார். மேசை டிராயரிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தார். "குழுவுல ரெண்டு பேரு. இம்மானுவேல், நீயும்தான சோதிச்ச?"

இம்மானுவேல் ஒரு நாளும் மீட்டரைத் தொட்டதில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இம்மா, போடாத" என்றேன்.

"எட்டு வருசமா அடுத்தவன் கல்யாணப் பத்திரிக்கைய மடிச்சுக்கிட்டு இருக்கேன் செல்வி" என்றான். "நீ ரத்தம் எடுக்கப் போயிருவ. நான் எங்க போறது?" போட்டுவிட்டான். கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

அன்று சாயங்காலம் சூரியபிரகாஷ் சாரே சுவரில் எழுதினார்: 'இந்த வாரத் தோல்வி: ஒரு குழுவில் புரிதல் குறைந்தது.' எல்லோரும் கைதட்டினார்கள். காளான் அக்காவும் தட்டினார், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு, சோதனைக் குறிப்புகளை இணைத்துப் புகார் அனுப்பினேன். புகார் எண் வந்திருக்கிறது. விசாரணைக்கு நாளாகலாம். அதற்குள் ஸ்டிக்கர் போட்ட பாக்கெட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. மேலே 'நீலம் என்றால் நிஜம்' என்று அச்சிட்டிருக்கிறது. அச்சு இம்மானுவேலுடையது, எழுத்துகளின் இடைவெளியிலேயே தெரிகிறது.

இன்று காலை காளவாசல் பக்கம் ஒரு மளிகைக்கடையில் சோப்பு வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா கை நீட்டினார்.

"அண்ணே, அந்த நீல ஸ்டிக்கர் மாவு ஒண்ணு குடுங்க. அதுல ஏமாத்த முடியாதாம்ல."

கடைக்காரர் எடுத்து வைத்தார். அக்கா பாக்கெட்டைத் திருப்பி, உள்ளே தெரிந்த ஸ்டிக்கரைக் கவருக்கு மேலாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, அத வாங்காதீங்க" என்றேன். "பழைய மாவுல சோடா கலந்திருக்கு. அதான் நீலமாத் தெரியுது."

"ஏன், நீ வேற கம்பெனிப் புள்ளையா?"

"இல்லக்கா. அந்த ஸ்டிக்கரச் செஞ்சதே நாந்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புழு விழுந்த கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நியாயம்தான்.

"நீயே செஞ்சுட்டு நீயே வந்து வேணாம்ங்குறியாக்கும்?"

"ஆமாக்கா."

"காலங்காத்தால யாவாரத்தக் கெடுக்காத தாயி, சோப்ப வாங்குனமா போனமான்னு இரு" என்று கடைக்காரர் சத்தம் போட்டார்.

அக்கா இன்னும் பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. "அப்ப எதப் பாத்துத்தான் வாங்குறது? சொல்லு."

இதற்குப் பதில் எனக்குப் பஸ்ஸிலும் வராது என்று தோன்றியது. அக்கா பாக்கெட்டைத் தள்ளி வைத்தார்.

"உளுந்து கால் கிலோ போடுங்கண்ணே" என்றார்.