பதினொரு பிள்ளைகள்

மற்றவர்கள் செய்த கல்வி ஆய்வுகளைச் சலித்து, எது சான்று, எது இல்லை என்று பிரிப்பதுதான் ஆஸ்லோவில் ஹில்யாவின் வேலை. தாய்மொழியில் படிப்பது சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு உதவுகிறதா என்பது இம்முறை கேள்வி. குழுவில் நார்வேயின் வடகோடிச் சிறுபான்மை மொழியான குவேன் பேசுபவள் அவள் ஒருத்திதான். பெயருக்குப் பக்கத்தில் 'சமநீதி ஆலோசகர்' என்று பட்டம் வேறு.

அன்று திரையில் வந்து நின்றது அவள் தோழி எய்லாவின் ஆய்வு. எய்லா அவர்களுடைய சொந்த ஊர்ப்பள்ளியில் குவேன் வகுப்பு நடத்துகிறவள். பிள்ளைகள் வாசிப்பதை நான்கு வருஷம் உட்கார்ந்து குறித்து, குவேனிலேயே எழுதியிருந்தாள். வகுப்பை மூடப் பார்க்கும் நகராட்சி ஹில்யாவின் குழு தரப்போகும் அறிக்கைக்காகத்தான் காத்திருந்தது.

"இருபது பிள்ளைங்களுக்குக் குறைஞ்ச ஆய்வுன்னா வெளியே. விதி விதிதான்," என்றார் குழுத் தலைவர் டோர்கில்ஸ், ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தபடி.

"ஊர்ல இருக்கிறதே பதினோரு பிள்ளைங்கதான். மிச்ச ஒன்பதுக்கு எங்க போக? நான் பெத்துக் கொடுக்கவா?"

அவர் சிரித்தார். நல்ல மனுஷர், அதுதான் எரிச்சல். "எனக்கும் வருத்தம்தான் ஹில்யா. ஆனா விதி எழுதின கூட்டத்துல நீயும் இருந்தே, கையெழுத்தும் போட்டே. விதியை முன்கூட்டியே ஊரறியப் பதிவு பண்ணினப்புறம் மாத்தினா, நமக்குப் பிடிச்ச முடிவுக்காக வளைச்சோம்னு சொல்வாங்க."

பொய்யில்லை. சின்ன மொழிகளில் எழுதிய ஆய்வுகளையும் சேர்க்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள். ஜெயித்த பூரிப்பில், அடுத்து வந்த எண்ணிக்கை விதிக்கு முதல் ஆளாகத் தலையாட்டினாள். தன் ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பது அப்போது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

"குவேன் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நீயே 'நீக்கு'ன்னு அழுத்திடேன்."

அழுத்தினாள். காரணம் கேட்ட கட்டத்தில், 'எண்ணிக்கை போதாது.'

அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. 'குவேன் வகுப்புகள்: சான்று கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரி. நகராட்சி அதைப் 'பயனில்லை' என்று வாசித்துக்கொண்டது. மூடக் காத்திருந்தவர்களுக்கு அது போதாதா? வசந்தத்தில் வகுப்பு மூடப்பட்டது.

எய்லா அழைத்தாள். "நாலு வருஷம்டி. அங்க யாராவது அதைப் பிரிச்சாவது பாத்தாங்களா?"

"நான் முழுசா படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு எய்லா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்ப தள்ளினது யாரு?"

"இருபது பேர் வேணும்னு ஒரு விதி..." என்று ஆரம்பித்தாள் ஹில்யா. எய்லாவுக்குப் புரிந்துவிட்டது.

பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் குவேனைத் தவிர வேறு மொழியில் பேசிக்கொண்டதில்லை. "சரி, வைக்கிறேன்," என்பதை எய்லா நார்வே மொழியில் சொன்னாள்.